டாப்ளர் மெஷின் ரத்தத்தின் வேகத்தை அளக்கிறதா, ஊகிக்கிறதா?

பிப்ரவரி 4, இரவு 9.10 (கேள்வி)

அப்பாவுக்குக் கழுத்து டாப்ளர் இரண்டு இடத்தில் எடுத்தோம். இடையில் பத்தே நாள். முதல் ரிப்போர்ட்டில் வலது உட்கழுத்துத் தமனியின் உச்ச வேகம் நொடிக்கு 118 செ.மீ., அடைப்பு 50 சதவீதத்துக்குக் கீழ். இரண்டாவதில் அதே தமனிக்கு 135 செ.மீ., அடைப்பு 50 முதல் 69 சதவீதம். பத்து நாளில் அடைப்பு இவ்வளவு வளராது என்கிறார்கள். அப்படியானால் இரண்டில் ஒரு மெஷின் பொய் சொல்கிறது, அல்லது இரண்டுமே சொல்கின்றன. என் கட்சி இதுதான்: இது அளவீடே கிடையாது, கலர் படம் காட்டிச் செய்யும் ஊகம். இன்னொன்று, ஊசி குத்தாமல் ஒலியை வைத்தே ரத்தத்தைப் பரிசோதிக்கலாம் என்று ஒரு காணொளி பார்த்தேன். அதுவும் இதே ரகமா?

பிப்ரவரி 4, இரவு 11.05

பாதி சரி. ரத்தக்குழாய் ஸ்கேன்தான் என் வேலை, அதற்கு முன் டயாலிசிஸ் பிரிவில் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மெஷின் வேகத்தை அளப்பதில்லை. சுருதி மாற்றத்தை அளக்கிறது. தோலில் வைக்கும் ப்ரோப் என்ற கைக்கருவி அனுப்பும் ஒலி ஓடுகிற சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் கொஞ்சம் கூடியோ குறைந்தோ வருகிறது. அந்தக் கொஞ்சத்தை மெஷின் மிகத் துல்லியமாகப் பிடித்துவிடும், அங்கே சண்டையே இல்லை. சண்டை அடுத்த படியில். அந்தச் சுருதியை வேகமாக மாற்ற, ஒலிக்கற்றைக்கும் ரத்தம் ஓடும் திசைக்கும் இடையே எத்தனை டிகிரி என்று தெரியவேண்டும். அது மெஷினுக்குத் தெரியாது. என்னைப் போல ஒருவர் திரையில் ஒரு சின்னக் கோட்டைச் சுழற்றி, குழாய்ச் சுவருக்கு இணையாக வைத்து, "இதுதான் கோணம்" என்று சொல்லித்தருகிறார். மீதிக் கணக்கை மெஷின் போடுகிறது.

5 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப், நொடிக்கு 1 மீட்டர் ரத்தம், 60 டிகிரி கோணம், திசுவில் ஒலிவேகம் 1540 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள். சுருதி மாற்றம் சுமார் 1.6 கிலோஹெர்ட்ஸ். ஐம்பது லட்சத்தில் ஆயிரத்துச் சொச்சம். அதைப் பிடிக்கிற மின்னணுவியலைச் சந்தேகிக்காதீர்கள், கோடு போட்ட கையைச் சந்தேகியுங்கள்.

பிப்ரவரி 5, காலை 6.20

மேலே 1.6 என்று எழுதியது தப்பு. 3.2 கிலோஹெர்ட்ஸ். ஒரு 2-ஐ விழுங்கிவிட்டேன். இந்தப் பக்கத்தில் பின்னூட்டமிடும் இயற்பியல் வாத்தியார் எழுந்திருப்பதற்குள் நானே திருத்திக்கொள்கிறேன்.

ஏன் 2? ஓடுகிற சிவப்பணு முதலில் கேட்பவர், பிறகு பேசுபவர். கேட்கும்போது நகர்ந்துகொண்டிருப்பதால் ஒருமுறை சுருதி மாறுகிறது. அதே ஓட்டத்தில் திருப்பி அனுப்பும்போது இன்னொருமுறை மாறுகிறது.

டாப்ளர் 1842இல் இதை எழுதியபோது ரத்தத்தை நினைக்கவில்லை, இரட்டை விண்மீன்களின் நிறத்தை நினைத்தார். நிறம் பற்றி அவர் சொன்னதில் பிசகு இருந்தது, தத்துவம் நின்றது. 1845இல் பய்ஸ் பாலட் என்ற டச்சுக்காரர் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, தண்டவாள ஓரத்தில் சுருதிஞானம் உள்ளவர்களை நிறுத்தி சோதித்துப் பார்த்தார். கருவி மனிதக் காதுதான்.

பிப்ரவரி 5, மதியம் 1.45

காது என்றதும் ஞாபகம். அந்த 3.2 கிலோஹெர்ட்ஸைத் தனியே பிரித்து ஸ்பீக்கரில் விட்டால் நேரடியாகக் கேட்கும். அனுப்புகிற ஒலி நம் காதுக்கு எட்டாதது, வித்தியாசம் மட்டும் சரியாகக் காது வரம்புக்குள் வந்து விழுகிறது. நல்ல தற்செயல்.

நான் கண்ணால் கற்பதற்கு முன் காதால்தான் கற்றேன். பேனா அளவு கைக்கருவி, படம் கிடையாது, ஜெல் தடவி வைத்தால் சத்தம் மட்டும். ஆரோக்கியமான கால் தமனி "டப்-ட-ட" என்று மூன்று அடியாக வரும்: முன்னே பாய்ச்சல், கொஞ்சம் பின்வாங்கல், மறுபடி சின்ன முன்னகர்வு. மேலே அடைப்பு இருந்தால் அந்த மிடுக்கு போய் ஒற்றை "ஊஷ்" ஆகிவிடும். சிரை புயல்காற்று மாதிரி, மூச்சோடு ஏறி இறங்கும். இன்றைக்கும் திரையைப் பார்ப்பதற்கு முன் சத்தத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிடும். கோணம் தப்பாக இருந்தாலும் சத்தத்தின் வடிவம் தப்பாது.

பிப்ரவரி 6, இரவு 10.30

கோணத்தை விரிவாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார் கேட்டவர். "ஐந்து டிகிரியில் என்ன ஆகிவிடும்" என்கிறார்.

கோணத்தின் கொசைனால் வகுக்கிறோம். 30 டிகிரி அருகே கொசைன் நிதானமானது. 5 டிகிரி பிசகினால் வேகம் 5, 6 சதவீதம் மாறும், யாருக்கும் தெரியாது. 60 டிகிரியில் அதே 5 டிகிரி சுமார் 15 சதவீதம். 80 டிகிரியில் வைத்து உண்மையில் 85 ஆக இருந்தால், நீங்கள் சொல்லும் வேகம் உண்மையில் பாதிதான். அதனால்தான் 60-ஐத் தாண்டாதே என்று விதி. சரியாக 90 என்றால் கொசைன் பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க மெஷினாலும் முடியாது.

அப்படியானால் எல்லோரும் 30-இலேயே வைக்கலாமே? முடியாது. கழுத்துத் தமனி தோலுக்கு ஏறக்குறைய இணையாக ஓடுகிறது, ப்ரோப்போ தோலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உடம்பின் அமைப்பே நம்மை 50, 60 பக்கம் தள்ளுகிறது. எங்கே துல்லியம் குறைவோ அங்கேதான் நாள் முழுக்க வேலை.

பயிற்சியில் என் மூத்தவர் ஒரு வேலை செய்தார். ஒரே ஆள், ஒரே தமனி, பத்து முறை அளக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ப்ரோப்பைக் கீழே வைத்துவிட்டுப் புதிதாக எடுக்கவேண்டும். எண் வரும் மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டார். முடிந்ததும் எடுத்துக் காட்டினார். சின்னதற்கும் பெரியதற்கும் நடுவே கால்வாசி வித்தியாசம். பத்தும் எனக்குச் சரியாகத்தான் பட்டிருந்தன. அவமானமாக இருந்தது. அவர் தானும் பத்து எடுத்துக் காட்டினார். அவருக்கும் வித்தியாசம் வந்தது, என்னுடையதில் பாதி.

பிப்ரவரி 6, இரவு 10.50

உங்கள் இரண்டு ரிப்போர்ட்டையும் பிரிக்கிற எல்லைக்கோட்டை நான் இன்னும் சொல்லவில்லையே. 2003இல் கதிரியக்க மருத்துவர்கள் கூடி ஒத்துக்கொண்ட அட்டவணையில் உட்கழுத்துத் தமனி உச்ச வேகம் 125க்குக் கீழ் என்றால் 50 சதவீதத்துக்குக் குறைந்த அடைப்பு, 125 முதல் 230 வரை 50-69, 230க்கு மேல் 70க்கும் கூட. உங்கள் 118க்கும் 135க்கும் நடுவில் அந்த 125 உட்கார்ந்திருக்கிறது. 160இலும் 180இலும் வந்திருந்தால் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

பிப்ரவரி 7, காலை 7.15

"நீலக் கலர் கெட்ட ரத்தமா?" இல்லை. ப்ரோப்பை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம், அதுதான் வழக்கமான அமைப்பு. ஒரு பட்டனை அழுத்தினால் தலைகீழாகும். வளைந்த தமனி ஒரே படத்தில் சிவப்பாக வந்து நீலமாகப் போகும், நடுவில் கறுப்பு. அந்தக் கறுப்பு அடைப்பு இல்லை, அங்கே கோணம் 90. கலர் படத்தைப் பார்த்து அழுதவர்களைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

பிப்ரவரி 8, இரவு 9.40

"மெஷின் எந்த வேகத்தையும் பிடிக்குமா?" பிடிக்காது. மேலே மின்னணுவியலைச் சந்தேகிக்காதீர்கள் என்று கொஞ்சம் தாராளமாகச் சொல்லிவிட்டேன்.

குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் கேட்க வேண்டுமென்றால் ஒலியைத் துண்டு துண்டாக அனுப்பவேண்டும். ஒரு துண்டு போய்த் திரும்பிய பிறகுதான் அடுத்தது. 15 செ.மீ. ஆழம் என்றால் போக வர 30 செ.மீ., நொடிக்கு சுமார் 5,100 துண்டுக்கு மேல் அனுப்ப வழியில்லை. அதில் பாதிக்கு மேலான சுருதி மாற்றம் வந்தால் மெஷின் குழம்பும். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிற அதே குழப்பம். 3 மெகாஹெர்ட்ஸில், கோணம் பூஜ்யமாக இருந்தால், அந்த ஆழத்துக்கு எல்லை நொடிக்கு 66 செ.மீ. சுற்றுவட்டாரம். அதைத் தாண்டிய பாய்ச்சல் உச்சி வெட்டப்பட்டு கீழே எதிர்ப்பக்கத்தில் முளைக்கும்.

இதய வால்வு சுருங்கியவர்களுக்கு ரத்தம் நொடிக்கு 4 மீட்டரில் கூடப் பாயும். அங்கே துண்டு முறையை விட்டுவிட்டு இடைவிடாமல் அனுப்பி இடைவிடாமல் கேட்கிறோம். எல்லை போய்விடும், ஆழமும் போய்விடும்: கற்றை வழியில் எங்கோ 4 மீட்டர் வேகம் இருக்கிறது, எங்கே என்று மெஷின் சொல்லாது. வேகத்தை வர்க்கமாக்கி 4-ஆல் பெருக்கினால் வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம் மில்லிமீட்டர் பாதரசத்தில் கிடைக்கும். 4 மீட்டருக்கு 64. இதயத்துக்குள் குழாய் செருகி அளந்துகொண்டிருந்ததை, மார்பின் மேல் ஜெல் தடவி அளக்க வைத்த கணக்கு. எனக்கு டாப்ளரில் பிடித்த ஒரே வரி எது என்று கேட்டால் இதுதான்.

எதிர்ப்பக்கத் தப்பு ஒன்றும் உண்டு, அது என்னுடையது. வேக அளவுகோலை உயரத்தில் வைத்திருந்தேன். அடைப்பு மிகுந்த ஒரு கழுத்துத் தமனியில் கலரே வரவில்லை. "முழுசாக மூடிவிட்டது" என்று எழுதப் போனேன். மூத்தவர் வந்து அளவுகோலை இறக்கினார், குழாய்ச் சுவரின் அசைவை வடிகட்டும் வடிகட்டியையும் குறைத்தார். நூல் மாதிரி ஒரு கசிவு தெரிந்தது. மூடியதற்கும் மூடப்போவதற்கும் சிகிச்சை வேறு. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிப்ரவரி 9, காலை 11.00

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: ஒலியால் ரத்தத்தையே பரிசோதிப்பது.

சாதாரண ஸ்கேனில் ரத்தம் கறுப்பாகத் தெரியும். சிவப்பணு 7, 8 மைக்ரோமீட்டர். 5 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 300 மைக்ரோமீட்டர். பெரிய அலை சின்னக் கல்லைக் கண்டுகொள்ளாமல் போவது போல ஒலி கடந்துவிடும், மிகமிகக் கொஞ்சம் சிதறித் திரும்பும். அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் சிதறல் 16 மடங்காகும். வானம் நீலமாகத் தெரிவதற்கும் இதே நான்காம் அடுக்கு விதிதான். சிதறல் சிவப்பணுக்களிலிருந்து வருவதால், அணு அதிகமானால் எதிரொலியும் அதிகம், ஆக எதிரொலியை வைத்து ரத்தசோகையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும்.

பிப்ரவரி 9, மாலை 5.25

வாத்தியார் பிடித்துவிட்டார். "தோன்றும்" என்று போட்டுத் தப்பிக்கப் பார்த்தேன், ஆனால் உண்மையில் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர் சொல்வது: அணு கூடக்கூட எதிரொலி ஒரு கட்டம் வரை ஏறும், பிறகு இறங்கும். ரத்தத்தில் அணுக்களின் பங்கு 10, 20 சதவீதத்துக்கு நடுவே எங்கோ உச்சம். நம் ரத்தத்தில் பங்கு 40, 45. ஆக நாம் இருப்பது இறங்குமுகத்தில். காரணத்தை அவர் இப்படி விளக்கினார், அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: நெருக்கியடித்து வரிசையாக அணு நின்றால் ஒன்றின் எதிரொலியை இன்னொன்றின் எதிரொலி அழித்துவிடும். திரும்பி வருவது அணுக்களின் ஒலி அல்ல, அணுக்கள் நிற்பதில் உள்ள ஒழுங்கின்மையின் ஒலி. பள்ளிக்கூட அணிவகுப்பில் எல்லோரும் ஒரே கோட்டில் நின்றால் யாரையும் தனியாகப் பார்க்கமுடியாது, கலைந்து நிற்பவன்தான் தெரிவான்.

பதினைந்து வருடம் இந்தக் கறுப்பைப் பார்த்திருக்கிறேன், இது தெரியாது.

பிப்ரவரி 9, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. வாத்தியாரின் விளக்கம் எனக்கு ஒரு பழைய காட்சியைப் புரியவைத்தது.

இதயத்தின் இடது மேலறையில் சில நோயாளிகளுக்குப் புகை சுழல்வது போலத் தெரியும். எக்கோ பார்ப்பவர்கள் அதைப் "புகை" என்றே சொல்வார்கள். வால்வு சுருங்கியவர்கள், இதயத்துடிப்பு தாறுமாறாகிப்போனவர்கள், இவர்களிடம் அதிகம். அங்கே ரத்தம் கிட்டத்தட்டத் தேங்கி நிற்கிறது. நின்றால் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அடுக்கு பெரிதாவதால் சிதறலும் பெரிதாகும், கறுப்பு ரத்தம் வெளுக்கும். ஓட்டம் வேகமெடுத்தால் அடுக்கு உடையும், மறுபடி கறுப்பு. ரத்தக்கட்டி உண்டாகப்போகும் இடத்தின் முன்னறிவிப்பு அது. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடினால் இந்த அடுக்கும் எளிதாகும். பரிசோதனைக் கூடத்தில் சிவப்பணு படியும் வேகம் பார்க்கிறார்களே, அதற்குப் பின்னாலும் இதே நாணய அடுக்குதான்.

ஆக ஒலி ரத்தத்தின் குணத்தைக் காட்டுகிறது. எண்ணாக இல்லை, தோற்றமாக. எத்தனை ஹீமோகுளோபின் என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 12, இரவு 8.30

எண்ணாக இல்லை என்று எழுதியதை மூன்று நாள் மென்றுகொண்டிருந்தேன். அது தப்பு. எண்ணாகவும் தரும், நானே என் கையால் எடுத்திருக்கிறேன், டயாலிசிஸ் நாட்களில். எதிரொலியை விட்டுவிட்டு ஒலியின் வேகத்தைப் பார்த்தால் போதும்.

டயாலிசிஸ் செய்பவரின் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருப்பார்கள். அதில் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஓடுகிறது என்று அவ்வப்போது பார்க்கவேண்டும், மெல்லக் குறைந்தால் எங்கோ சுருங்குகிறது என்று பொருள். டாப்ளரில் பார்த்தால் கோணத் தொல்லை, கூடவே விட்டத் தொல்லை. பரப்பு விட்டத்தின் வர்க்கம் அல்லவா, விட்டத்தில் 10 சதவீதம் பிசகினால் ஓட்டத்தில் 21.

1995இல் கிரிவிட்ஸ்கி என்பவர் வேறு வழி சொன்னார். நான் செய்தது அதைத்தான். மெஷினுக்குப் போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டிலும் ஒரு கவ்வியை மாட்டுவோம். கவ்வி குழாயின் குறுக்கே சாய்வாக ஒலியை இரு திசையிலும் அனுப்பும். ரத்தத்தோடு போகிற ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போவது தாமதமாகும். ஒரு செ.மீ. பாதையில், நொடிக்கு அரை மீட்டர் ஓட்டத்தில், அந்த வித்தியாசம் சுமார் 3 நானோநொடி. இந்த இடத்தில் கோணத்தை யாரும் கண்ணால் பார்த்து வைப்பதில்லை, கவ்வியின் அச்சிலேயே கோணம் வார்க்கப்பட்டிருக்கிறது.

பிறகு இரண்டு குழாய்களையும் வேண்டுமென்றே இடம் மாற்றி இணைப்போம். சுத்தமான ரத்தம் திரும்பி வரவேண்டிய இடத்திலிருந்து மெஷின் இழுக்கும், இழுக்கவேண்டிய இடத்தில் திருப்பிவிடும். இப்போது திரும்பும் குழாயில் கொஞ்சம் உப்புநீர் செலுத்தினால், அது ஃபிஸ்டுலா ஓட்டத்தில் கலந்து ஒரு பங்கு மெஷினுக்கே மறுபடி வரும். உடல் வெப்பத்தில் தண்ணீரில் ஒலி நொடிக்கு 1524 மீட்டர் ஓடும், ரத்தத்தில் 1570க்கு மேல். ரத்தம் நீர்த்தால் ஒலிவேகம் குறையும். அந்தக் குறைவு திரையில் பள்ளமாக விழும். திரும்பி வந்த பங்கு கால்வாசி, பம்ப் வேகம் 300 மில்லிலிட்டர் என்றால், ஒன்றைக் காலால் வகுத்து ஒன்றைக் கழித்து 300-ஆல் பெருக்க வேண்டும்: 900. விட்டம் வேண்டாம், கோணம் வேண்டாம்.

முதல் தடவை செய்தபோது குழாய்களை இடம் மாற்ற மறந்துவிட்டேன். பள்ளமே விழவில்லை. கவ்வி கெட்டுவிட்டது என்று வேறு கவ்வி கேட்டு வாங்கி, அதிலும் பள்ளம் விழவில்லை என்று புகார் சொன்னேன். படுத்திருந்த நோயாளி, எட்டு வருட அனுபவசாலி, "குழாயை மாத்தலையே" என்றார்.

சில டயாலிசிஸ் மெஷின்களில் இதே ஒலிவேகத்தை வைத்து ரத்தம் எவ்வளவு கெட்டிப்படுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கும் ஏற்பாடும் உண்டு. உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்க இழுக்க அணுக்களும் புரதமும் செறியும், ஒலிவேகம் ஏறும். மிக வேகமாக ஏறினால் நோயாளிக்கு ரத்த அழுத்தம் சரியப்போகிறது என்று சுதாரிக்கலாம். வெப்பநிலை மாறினாலும் ஒலிவேகம் மாறும் என்பதால் அதையும் கூடவே அளந்து கழிக்கவேண்டும். உங்கள் காணொளி எதைக் காட்டியதோ தெரியாது. குழாயில் ஓடும் ரத்தத்துக்கு இது நடைமுறை. தோலுக்கு வெளியிலிருந்து, கொழுப்பும் தசையும் நடுவில் இருக்க, அதே துல்லியம் எதிர்பார்க்காதீர்கள்.

பிப்ரவரி 13, காலை 6.50

இன்னொரு வழியை விட்டுவிட்டேன். சுற்றுவழி, ஆனால் எல்லாவற்றிலும் அழகானது.

ரத்தசோகை வந்தால் ரத்தம் நீர்த்துப்போகும், பாகுநிலை குறையும். ஆக்சிஜன் போதாததால் இதயமும் அதிகம் தள்ளும். இரண்டும் சேர்ந்து ரத்தம் வேகமாக ஓடும். ஆக வேகத்தைப் பார்த்தால் ரத்தத்தின் குணம் தெரியும்.

கருவில் இருக்கும் குழந்தைக்கு ரத்தசோகை என்று சந்தேகம் வந்தால் முன்பெல்லாம் ஊசிதான், பனிக்குடத்திலோ தொப்புள்கொடியிலோ. 2000இல் மாரியும் கூட்டாளிகளும் குழந்தையின் நடு மூளைத் தமனியில் உச்ச வேகத்தைப் பார்த்தாலே போதும் என்று காட்டினார்கள். அந்த வயதுக் குழந்தைகளின் நடுமதிப்பைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் எச்சரிக்கை. அவர்கள் பார்த்த வரை நடுத்தர, தீவிர ரத்தசோகை ஒன்றும் தப்பவில்லை, பொய் எச்சரிக்கை 12 சதவீதம். கோணத் தொல்லை? அந்தத் தமனியை ப்ரோப்பை நோக்கி நேராக வரும்படி பிடிக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிய கோணம், கொசைன் 1. சுழற்றக் கோடே தேவையில்லை.

அரிவாளணு ரத்தசோகைக் குழந்தைகளுக்குப் பக்கவாத ஆபத்தைக் கணிப்பதும் மூளைத் தமனி வேகத்தால்தான். நொடிக்கு 200 செ.மீ. எல்லை. அதைத் தாண்டிய குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றியதில் பக்கவாதம் 92 சதவீதம் குறைந்தது, 1998இல் வந்த ஆய்வு. மண்டையோட்டின் பொட்டுப் பகுதி மெலிதாக இருப்பதால் அதன் வழியே ஒலி நுழையும். 1982இல் ஆஸ்லிட் காட்டிய வழி.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. கேட்டவரே, உங்கள் அப்பாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு? இரண்டு ஸ்கேனின்போதும் ரத்த அழுத்தம், நாடி என்ன? ரத்தசோகை இருந்தால் எல்லாக் குழாயிலும் வேகம் கூடும், அடைப்பு கூடினது போலத் தோற்றம் தரும்.

பிப்ரவரி 15, மாலை 4.10

ஹீமோகுளோபின் 13.6 என்கிறார். சரி, அந்தக் கதை இல்லை. படங்கள் இரண்டையும் போட்டிருக்கிறார். முதல் படத்தின் மூலையில் கோணம் 55. இரண்டாவதில் 60.

118-ஐ 55இன் கொசைனால் பெருக்கி 60இன் கொசைனால் வகுத்துப் பாருங்கள். 135. அச்சு அசல் உங்கள் இரண்டாவது ரிப்போர்ட்.

கண்டுபிடித்துவிட்டேன்.

பிப்ரவரி 15, மாலை 5.30

கண்டுபிடிக்கவில்லை. அவசரப்பட்டேன்.

இரண்டு படத்திலும் உண்மைக் கோணம் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். ப்ரோப்பைச் சாய்க்கிற விதத்தில் உண்மைக் கோணமே மாறும். ஒருவர் 55இலும் இன்னொருவர் 60இலும் பிடித்து, இருவரும் சரியாகவே கோடு போட்டிருக்கலாம். அப்படியானால் சுருதி மாற்றமும் வேறுவேறாக வந்திருக்கும், வேகம் ஒன்றாக வரவேண்டும். எண்கள் அச்சு அசலாகப் பொருந்துவதால் மட்டும் தீர்ப்பெழுத முடியாது. பார்க்கவேண்டியது எண்ணை அல்ல, கோடு சுவருக்கு இணையாக இருக்கிறதா என்பதை.

பிப்ரவரி 15, இரவு 9.15

திரையில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன் (வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்). முதல் படத்தில் கோடு சுவரோடு ஒட்டி நிற்கிறது. இரண்டாவதில் அளந்த இடத்துக்குச் சற்று மேலே தமனி வளைகிறது. கோடு வளைவுக்கு முந்தைய நேர்ப்பகுதிக்கு இணை, அளந்த இடத்துக்கு இல்லை. மூன்று, நான்கு டிகிரி இருக்கும்.

ஆனால் இதிலும் முழு மனதில்லை. வளைவில் ரத்தம் சுவரோடு இணையாக ஓடாது, வெளிச்சுவர்ப் பக்கம் ஒதுங்கித் திருகிக்கொண்டு போகும். ஓட்டத்தின் திசையைப் பார்த்துக் கோடு போட்டிருந்தால் அந்த இரண்டாம் ஆள் என்னைவிடக் கெட்டிக்காரர். படத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. நான் முதல் ரிப்போர்ட் பக்கம் சாய்கிறேன், அவ்வளவுதான்.

சுற்றிவளைக்காமல் ஒரு வழி: கோணத்தைக் கழித்துவிடும் விகிதங்களைப் பாருங்கள். உட்கழுத்துத் தமனி வேகத்தைப் பொதுக் கழுத்துத் தமனி வேகத்தால் வகுத்த விகிதம் 2க்குக் கீழா? இரண்டு ரிப்போர்ட்டிலும் இருக்கும். குழாய்ச் சுவரில் படிந்து, படத்தில் நேரடியாகத் தெரியும் கொழுப்புப் படிவு எவ்வளவு? இரண்டையும் ஒரே மருத்துவரிடம் சேர்த்துக் காட்டுங்கள். ஒன்றை ஒளித்துவைத்துக் "கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள், அப்படிச் செய்கிறவர்கள் நிறைய.

பிப்ரவரி 16, காலை 7.00

மேலே "விகிதம் கோணத்தைக் கழித்துவிடும்" என்றது இரண்டு இடத்திலும் ஒரே கோணப்பிசகு இருந்தால்தான். உச்சத்தையும் அடித்தளத்தையும் ஒரே அலையிலிருந்து எடுக்கும் விகிதங்களில் கோணம் முழுமையாகக் கழியும், தொப்புள்கொடியில் பார்ப்பது அந்த வகை. கழுத்தில் இரண்டு வெவ்வேறு குழாய், இரண்டு கோடு. வாத்தியார் இந்த முறை எதுவும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 18, இரவு 10.05

வீட்டில் வைத்துக் கருவின் துடிப்பைக் கேட்கும் சின்ன டாப்ளர் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். தாயின் பெருந்தமனியும் நஞ்சுக்கொடியும் அதே ஸ்பீக்கரில் சத்தம் போடும். "துடிப்பு கேட்கிறதே" என்று குழந்தை அசையாததைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடக்கூடாது. அசைவு குறைந்தால் உடனே போகவேண்டிய இடம் மருத்துவமனை.

பிப்ரவரி 22, இரவு 9.50

கேட்டவரின் செய்தி: மருத்துவர் இரண்டையும் பார்த்தார். விகிதம் ஒன்றில் 1.6, மற்றதில் 1.7. படிவு பாதிக்கும் குறைவாகத் தெரிகிறது, மருந்தைத் தொடருங்கள், ஆறு மாதம் கழித்து ஒரே இடத்தில் எடுங்கள் என்றாராம். கேட்டவர் தன் கட்சியை விடவில்லை: "ஆக, ஊகம்தானே?"

இன்று வேலை முடிந்து என் கழுத்திலேயே ப்ரோப்பை வைத்தேன். நல்ல அலை ஒன்று கிடைத்ததும் படத்தை உறையவைத்துவிட்டு, கோணக் குமிழை மட்டும் திருப்பினேன். 50இல் 71. 55இல் 80. 60இல் 92. பக்கத்தில் நின்ற பயிற்சிப் பெண் "அக்கா, ரிப்போர்ட்ல எதை எழுதுவீங்க?" என்றாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கோடு சுவரோடு சேர்ந்தது 55இல். 80 என்று எழுதினேன். அவள் 56 என்றாள்.